சொந்த விருப்பம்

பல மாதங்கள் பேச்சில்லாமல் கிடந்த பிறகு சாந்தாமணி டீச்சர் பேசிய முதல் வார்த்தை, "ஃபேன்."

அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது புரியவில்லை. ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கி நேராக ஈரோடு மருத்துவமனைக்கு ஓடி வந்திருந்த மகன் சர்வேஷ், அம்மா தன் பெயரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தான். மகள் கிருத்திகா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். டாக்டர் ரெஹானா திரையைப் பார்த்துத் தலையசைத்தார். நோயாளியின் தலையில் மெல்லிய வலை ஒன்று தொப்பி போல மாட்டியிருந்தது. தலைமாட்டில் இருந்த சிறிய ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது.

"ஃபேன நிறுத்துங்க. கண்ணு எரியுது."

கிருத்திகா ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். முழுவதும் மூட முடியாத அந்தக் கண்களுக்கு நேர் மேலே அது இத்தனை மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வேர்க்கக் கூடாது என்று வேகத்தைக் கூட்டி வைத்தவளே அவள்தான்.

சாந்தாமணி டீச்சர் கோபிச்செட்டிபாளையத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து அவர் கூப்பிட்டால் மறு மூலையில் நிற்கும் பிள்ளைக்கு விசில் தேவைப்படாது. போன வருடம் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தார். அதன் பிறகு தொண்டையில் துளை, அதில் குழாய், குழாயின் மறுமுனையில் மூச்சுவிடும் இயந்திரம். கண்கூட அசையவில்லை. உணர்வு இல்லை என்றுதான் முதலில் பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நரம்பியல் சோதனையில் ஏதோ தென்பட்டு, அவரை டாக்டர் ரெஹானாவின் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அந்த வலையை மாட்டினார்கள். மருத்துவமனையில் எல்லாரும் அதைப் பேச்சு வலை என்றார்கள்.

"மனசுல ஓடுறதையெல்லாம் இது சொல்லிடுமா டாக்டர்?" என்று சர்வேஷ் கேட்டான்.

"இல்ல. அவங்க சொல்லணும்னு முடிவு பண்றத மட்டும்தான் சொல்லும். வாய் திறந்து பேசற மாதிரிதான். சொல்ல வேண்டாம்னு நினைச்சா உள்ளேயே வெச்சுக்கலாம். பொய்கூடச் சொல்லலாம்."

"அப்ப இத்தன நாளா எங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுதுங்களா?"

"காது பாதிக்கப்படல. முதல் வாரத்திலிருந்தே கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். அவங்களையே கேளுங்க."

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கிருத்திகாவின் விரல்கள் வெளுத்தன.

சர்வேஷ் குனிந்து கேட்டான். "அம்மா, நாங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சுங்களா?"

ஒலிபெருக்கி பதில் சொன்னது. பள்ளி ஆண்டு விழா காணொளிகளிலிருந்து எடுத்துச் செய்த குரல் அது. அம்மாவின் குரல்தான், ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாதது.

"இல்ல சாமி. தூங்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. நேத்துத்தான் முழிச்சேன்."

கிருத்திகாவுக்கு உடம்பு லேசானது. தன் நிம்மதியை நினைத்து உடனே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா இருட்டில் கிடந்ததற்கு மகிழ்கிற மகள் உலகத்தில் இருப்பாளா?

அவளுக்கு அந்த நிம்மதி தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு மத்தியானம்.

அன்று அம்மாவின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, துணி மாற்றி, தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சி எடுத்து நிமிர்ந்தபோது சர்வேஷ் அழைத்தான். இன்னொரு நிபுணரைப் பார்க்கலாம் என்றான். அமெரிக்காவில் ஒரு சிகிச்சை வந்திருப்பதாகப் படித்தேன் என்றான். கடைசி வரைக்கும் முயற்சி பண்ணோணும்க்கா என்றான். அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"நீ அங்க உக்காந்துட்டு நல்லாப் பேசுவடா. இங்க இது கெடக்குது, வந்து பாரு. இதுல அம்மா எங்க இருக்காங்க? இது எப்பப் போவுதோ அப்பத்தான் எனக்கு விடியும். ஆபீஸ்ல தாமோதரன்னு ஒருத்தரு எனக்காகக் காத்துட்டு இருக்காரு. பொண்டாட்டி செத்தவரு, நல்ல மனுஷன். எத்தன நாளைக்குத்தான் காத்திருப்பாரு? இது போய்ச் சேந்தா நானும் ஒரு மனுஷியாப் பொழச்சுக்குவேன்."

பேச்சு தெரிந்த நாளிலிருந்து 'வாங்க, போங்க' என்று கூப்பிட்ட அம்மாவை அவள் 'இது' என்றாள். ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதல்ல. கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். சர்வேஷ் அந்தப் பக்கம் அழைப்பைத் துண்டித்தான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவே இல்லை.

பேச ஆரம்பித்த ஒரு வாரத்திலேயே டீச்சர், டாக்டர் ரெஹானாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இந்த மூச்சு மிஷினை எடுத்துருங்க. என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

சர்வேஷ் துடித்துப் போனான். "இப்பத்தானம்மா பேசவே ஆரம்பிச்சிருக்கீங்க! மிஷினை எடுக்கச் சொல்லிட்டு நான் எப்படிம்மா பொழைக்கறது? பெத்தவளக் கொன்னுட்டு வந்து நிக்கறான்னு சனம் பேசாதுங்களா?"

"சனம் வந்து என்ற முதுகைப் பாக்கட்டும்."

"அம்மா..."

"சாமி, நான் ஓடிட்டே இருந்தவ. இது ஓட்டமுமில்ல, ஓய்வுமில்ல. உனக்கு நான் வேணும், தெரியுது. எனக்கு இது வேண்டாம்."

சர்வேஷ் அறையை விட்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். டாக்டர் அவன் பின்னாலேயே போனார்.

"இது கொலை இல்ல. நோய்தான் அவங்கள எடுத்துட்டுப் போகுது, நாம வழியில நிக்காம விலகறோம். மூச்சுத் திணறாம இருக்க மருந்து குடுப்போம். நானே கூட இருப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி விருப்பக் குழு வரும். சட்டம் அப்படி."

"எதுக்குங்க குழு?"

"பேச்சு வலை வந்த புதுசுல நிறையப் பேர் இப்படிக் கேட்டாங்க. குடும்பத்துல யாராவது பாரமா இருக்கீங்கன்னு சொன்னதைக் கேட்டு, மனசு வெறுத்துப் போய்க் கேட்டவங்களும் அதுல இருந்தாங்க. பின்னாடிதான் தெரிஞ்சது. அதனால இப்ப, அது அவங்க சொந்த விருப்பமான்னு பார்க்கணும். பக்கத்துல நின்னு யாராவது அப்படிப் பேசியிருந்தா மூணு மாசம் தள்ளிப் போடணும். மனசு மாறுதான்னு பார்க்கணும்."

கிருத்திகா கதவருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சர்வேஷ் சாப்பிடப் போயிருந்தான். ஒலிபெருக்கி பேசியது.

"கண்ணு, அந்தத் தாமோதரனைக் கூட்டிட்டு வாயேன். ஒருக்கா அவரு பேச்சைக் கேக்கோணும்."

ஈரத் துணி அவள் கையிலேயே நின்றது. தாமோதரனைப் பற்றி அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. அம்மா விழுந்த பிறகு அறிமுகமானவர் அவர். இந்தக் கட்டிலருகே அவர் பெயர் ஒரே ஒரு தடவைதான் பேசப்பட்டிருக்கிறது.

"அம்மா," என்றாள். "அம்மா, அன்னைக்கு நான் பேசுனது..."

"என்னைக்கு? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"அப்புறம் அவரு பேரு எப்படிங்கம்மா தெரியும்?"

மூச்சு இயந்திரம் மட்டும் ஏறி இறங்கியது. அம்மாவின் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எதையும் காட்ட முடியாத முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிடக் கொடுமையாக இருந்தது. கிருத்திகா அம்மாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டுங்கம்மா. ஒரு வார்த்தை திட்டீருங்க."

"டாக்டர்கிட்டச் சொல்லிப் போடாத," என்றது குரல். "சொன்னா இன்னும் மூணு மாசம் இப்படியே படுக்க வெப்பாங்க. எனக்கு வலிக்குது கண்ணு. நெம்ப வலிக்குது."

"சொல்ல மாட்டேனுங்கம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

விருப்பக் குழு ஒரு புதன்கிழமை வந்தது. டாக்டர் ரெஹானாவுடன் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும், அமுதவல்லி என்ற மனநல ஆலோசகரும். முதலில் டீச்சரிடம் தனியாகப் பேசினார்கள். பிறகு பிள்ளைகள் இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்தார்கள். எல்லாரும் கனிவாக இருந்தார்கள். அந்த ஆலோசகர் கிருத்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை மாசம் ஒத்தை ஆளா நின்னு பார்த்திருக்கீங்க. முதுகுப் புண்ணு இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறதை நாங்க அபூர்வமாத்தான் பார்க்கறோம். உங்கள மாதிரி மக எல்லாருக்கும் கிடைக்க மாட்டா."

டாக்டர் கேட்டார். "வழக்கமான கேள்விதான். ரெண்டு பேரும் தனித்தனியாப் பதில் சொல்லணும். அவங்க இருக்கறது பாரம்ங்கற மாதிரி அவங்க காதுபட யாராவது பேசியிருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றான் சர்வேஷ், உடனே.

கிருத்திகா தம்பியைப் பார்த்தாள். அந்த மத்தியானம் தொலைபேசியின் மறுமுனையில் ஒவ்வொரு சொல்லையும் கேட்டவன் அவன். கண்ணிமைக்காமல் பொய் சொன்னான்.

இப்போது அவள் முறை. ஒரே வார்த்தை போதும். ஆலோசகரின் கை இன்னும் அவள் கையின் மேல் இருந்தது. அந்தக் கையின் சூடு அவளுக்குத் தாங்கவில்லை. உங்கள மாதிரி மக. அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டு இந்த அறையை விட்டு எழுந்து போக முடியாது என்று தோன்றியது.

"நான் பேசியிருக்கேனுங்க," என்றாள்.

சொல்லத் தொடங்கியதும் எல்லாமே வந்துவிட்டது. 'இது' என்று சொன்னது, விடியும் என்று சொன்னது, தாமோதரன், அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது என்பது, சொல்லாதே என்று அம்மா கெஞ்சியதும்கூட. சொல்லி முடித்தபோது நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. ஒரு நிமிடம் மூச்சு நன்றாக வந்தது.

பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லிட்டீங்க," என்றார் ரெஹானா மெதுவாக. "கேட்டதைக் கேக்காத மாதிரி இருக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விண்ணப்பம் மூன்று மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

நடைபாதையில் சர்வேஷ் அவளை நிறுத்திச் சொன்னான். "உனக்காகத்தான்க்கா நான் பொய் சொன்னேன். அம்மாவுக்காகவும்தான். அம்மாவை விட்டுக் குடுக்க எனக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? மனசத் தேத்திட்டு வந்து உக்காந்தேன். நீ சொன்னது யாருக்காக?"

சொன்னது தனக்காகத்தான். தன் மனசு கழுவப்பட வேண்டும் என்பதற்காக. அதற்கான தண்ணீரை அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா, "சரி," என்றார். அதன் பிறகு பல நாட்கள் ஒன்றுமே பேசவில்லை. வலை நன்றாகத்தான் வேலை செய்கிறது, டீச்சராகத்தான் பேசாமல் இருக்கிறார் என்றார் டாக்டர்.

பேச்சு திரும்பியது ஒரு காலையில், கிருத்திகா அவரைப் பக்கவாட்டில் திருப்பும்போது.

"வலிக்குது."

முன்பும் இப்படித்தான் திருப்பினாள். அப்போது சத்தம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் வந்தது, ஒரே மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். வலிக்குது. சளி உறிஞ்சும்போது வலிக்குது. ஊசி மாற்றும்போது வலிக்குது. டாக்டர் வலி மருந்தைக் கூட்டினார். கூட்டினால் டீச்சர் தூங்கிவிடுவார், தூங்கினால் குழு கேட்கும் நாளில் தெளிவு இல்லை என்று ஆகிவிடும். அதனால் டீச்சரே மருந்தைக் குறைக்கச் சொன்னார். கிருத்திகா அலுவலகத்துக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். சர்வேஷும் திரும்பிப் போகவில்லை. இருவரும் அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். தங்களுக்குள் தேவைக்கு மேல் பேசவில்லை.

தாமோதரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெரிய உடம்பு, கூச்ச சுபாவம். ஆரஞ்சுப் பழங்கள் வாங்கி வந்துவிட்டு, வாயால் சாப்பிட முடியாதவருக்கு வாங்கி வந்தோமே என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன எடை இருக்கறீங்க?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

"தொண்ணூத்தி... தொண்ணூத்தி அஞ்சுங்க."

"காலையில நடக்கோணும். சர்க்கரை வந்துரும். என்ற புள்ள இன்னொருத்தரத் திருப்பிப் படுக்க வெக்கறது எனக்கு வேண்டாம்."

சர்வேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமோதரனும் சிரித்தார். கிருத்திகாவால் சிரிக்க முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

மூன்று மாதம் முடிந்து குழு மறுபடியும் வந்தது. இந்த முறை பிள்ளைகளும் அறையிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

டாக்டர் ரெஹானா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், உங்க மனசு மாறியிருக்கா?"

"இல்ல."

"உங்க மக சொன்ன வார்த்தையை நீங்க கேட்டிருக்கீங்க. அதுக்காகத்தான் போகணும்னு கேக்கறீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படிச் சொன்னால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும்.

"கொஞ்சம் அதுக்காகவும்தான்."

நீதிபதி நிமிர்ந்தார். கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலி தாங்கலைங்கறது பெரிய காரணம். ஆனா கொஞ்சம் அவளுக்காகவும்தான். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதனால சொல்றேன். அவ பொழைக்கோணும். அது எனக்கு வேணும்."

"டீச்சர், அப்படின்னா அது முழுக்க உங்க சொந்த விருப்பம் ஆகாதேன்னு..." என்று தயங்கினார் ஆலோசகர்.

"எது சொந்த விருப்பம்?" என்றது குரல். "இவங்கப்பா போனப்ப எனக்குச் சின்ன வயசு. மறுபடியும் கட்டிக்கச் சொன்னாங்க. இவங்களுக்காக வேண்டாம்னேன். டெல்லியில கோச் வேலை வந்துச்சு, இவங்க படிப்புக்காகப் போகல. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஆக்கி வெச்சுட்டு ஓடுனேன். அப்பல்லாம் இதே மாதிரி ஒரு குழு வந்து, 'டீச்சர், இது உங்க சொந்த விருப்பமா, இல்ல புள்ளைங்களுக்காகவா'ன்னு கேட்டுதா? எல்லாரும் நல்ல தாயின்னுதான் சொன்னீங்க. இப்ப மட்டும் எதுக்குப் பிரிச்சுப் பாக்கறீங்க? அவளுக்காகச் செய்யறது எனக்குப் புடிச்சுத்தான் செய்யறேன். அதுவும் என்ற விருப்பம்தான்."

ஆலோசகர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். வெளியே போய் அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து சம்மதம் சொன்னபோது, தீர்ப்புச் சொல்லிப் பழகிய நீதிபதியின் குரல் தணிந்திருந்தது.

கோபிச்செட்டிபாளையம் வீட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். டாக்டர் ரெஹானா கூடவே வந்தார். முன்னறையில் கட்டில் போட்டு, மூச்சு இயந்திரத்தை வைத்தார்கள். காலை வெயில் உள்ளே வந்தது. சொந்தபந்தம் எல்லாம் வந்து நின்றது. அப்பாவின் தங்கை தெய்வாத்தாள் அத்தை ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார்.

"விழுங்க முடியாது, மூச்சுக்குழலுக்குள்ள போயிடும்," என்றார் டாக்டர். அத்தையின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவுங்க. உதடு நனைஞ்சா போதும்," என்று தானே பஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

ஊசி மருந்து ஏற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டாக்டர் கேட்டார்.

ஒலிபெருக்கியைக் கூட்டி வைக்கச் சொன்னார் டீச்சர். கூட்டி வைத்தார்கள். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மிஷினை எடுக்கச் சொன்னது நானு. என்ற புள்ளைங்க இல்ல. கிருத்திகா என்னை ஒரு நாளும் மொகஞ்சுளிக்காமப் பாத்தா. ஒரு கொறை சொன்னதில்ல. அவளை யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். டாக்டர் ரெஹானா தலையைக் குனிந்துகொண்டார். சர்வேஷ் அக்காவைப் பார்த்தான். நீண்ட நாட்களுக்குப் பிறகு அவன் பார்வையில் கோபம் இல்லை.

கிருத்திகா பஞ்சைப் பாலில் நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். தெய்வாத்தாள் அத்தை பின்னாலிருந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு காதருகே சொன்னார்:

"குடுத்து வெச்சவ கண்ணு உங்கம்மா. உன்னையாட்ட ஒருத்தியப் பெத்திருக்கறாளே."

இல்லீங்க அத்தை, என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இங்கே இத்தனை பேர் முன்னால் அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எதிரே அம்மாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. காது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"ஆமாங்க அத்தை," என்றாள் கிருத்திகா.